எழுவாய்

"மேடம், சட்டப்படி நான் குற்றவாளியா?"

கேட்டவர் தில்லைநாயகம். மாநிலத்தின் சட்ட அமைச்சர். காரையும் காவலரையும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்திருந்தார்.

வக்கீல் பிலோமினா வாசலிலேயே நின்றார். அந்த மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகளிலேயே தலை நரைத்தவர். தில்லைநாயகம் தொழில் கற்றது அவரிடம்தான்.

உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை.

"இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது தில்லை."

"ஏன் மேடம்?"

"பொன்னுத்தாய்க்கு வக்காலத்து போட்டுட்டேன். விசாரணைக் கமிஷன்ல அவளுக்காக ஆஜராகப் போறது நான்தான். எதிர்த்தரப்போட தனியாப் பேசக் கூடாது."

"நான் எதிர்த்தரப்பா?"

"அதை அங்கே வந்து சொல்லு."

கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாளைக்கூட ஓசையில்லாமல்தான் போட்டார்.

தில்லைநாயகம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு தெருமுனைக்கு நடந்தார்.

*

பொன்னுத்தாயின் மகன் பெயர் மாரிச்செல்வம். மருதேந்தல் கடைவீதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான்.

மருதேந்தல், தில்லைநாயகத்தின் தொகுதி. ஊரின் பாசனக் கண்மாயை அரசு ஒரு கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டிருந்தது. கிராமசபை கூடவில்லை. ஊரில் யாரையும் கேட்கவில்லை. கரையில் வேலிக்கம்பி ஊன்றிய அன்றுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

ஜனங்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் கண்மாயைத் திருப்பிக் கொடு என்றுகூட அன்றைக்குக் கேட்கவில்லை.

"யாரைக் கேட்டு விட்டீங்க? யாராவது வந்து ஒரு பதில் சொல்லுங்க. போயிடுறோம்."

இவ்வளவுதான் கேட்டார்கள்.

உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. இரும்புக் கதவை உட்பக்கமாகப் பூட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் கல் விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து முதல் கல் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு துப்பாக்கி வெடித்தது.

மாரிச்செல்வம் ஓடிக்கொண்டிருந்தான். குண்டு முதுகில் பாய்ந்திருந்தது.

*

தில்லைநாயகம் கறுப்புக் கவுனை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனது பிலோமினாவிடம் சொல்லிக்கொண்டுதான்.

"இங்கே ஒரு தடவைக்கு ஒருத்தனைத்தான் வெளியே எடுக்க முடியுது மேடம். சட்டம் எழுதுற இடத்துக்குப் போனா ஆயிரம் பேரை எடுக்கலாம்."

பிலோமினா மறுக்கவில்லை. தேர்தல் செலவுக்குத் தன்னால் ஆனதைக் கொடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார்.

"அங்கே குறுக்கு விசாரணை கிடையாது. அதுதான் எனக்குப் பயம்."

"சட்டசபையில கேள்வி நேரம் இருக்கே."

"கேள்வி இருக்கு. கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும்னு கட்டாயம் இருக்கா?"

தில்லைநாயகம் சிரித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அவர் மோசமான சட்டமன்ற உறுப்பினராக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ் காவலில் அடிபட்டவர்களுக்காக சபையில் எழுந்து பேசியிருக்கிறார். வெளிநடப்பு செய்திருக்கிறார். ஒருமுறை அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தபோது பிலோமினா அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர் எதிர்த்த சட்டங்களுக்கெல்லாம் அவரே அமைச்சர் ஆனார்.

"ரத்து பண்ணலையா?" என்று பிலோமினா ஒருமுறை கேட்டார்.

"நாம நல்லவிதமாப் பயன்படுத்துவோம் மேடம்."

அதன்பிறகு அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

*

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. மருதேந்தல் பயணியர் மாளிகையின் கீழ்த்தளக் கூடத்தில் விசாரணை நடந்தது. பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை.

காவலர் அழகுபாண்டி சொன்னார்: "இன்ஸ்பெக்டர் சொன்னார், சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் சொன்னார்: "வானத்தைப் பார்த்துச் சுடத்தான் சொன்னேன். அதையும் தாசில்தார் சொல்லித்தான் சொன்னேன்."

தாசில்தார் சொன்னார்: "கலெக்டர் அனுமதி கொடுத்ததாக எனக்குத் தகவல் வந்தது."

கலெக்டர் சொன்னார்: "நான் அமைச்சரிடம் பேசினேன். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்றார். அதை அப்படியே கீழே சொன்னேன்."

பொன்னுத்தாய் தினமும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர் பக்கம் திரும்புவாள்.

கலெக்டருக்கு அடுத்து அமைச்சர்.

*

தில்லைநாயகம் சாட்சி சொல்லப் போகும் அன்று காலையில் கட்சித் தலைவர் தொலைபேசியில் பேசினார்.

"அந்த ஒரு வாக்கியம் போதும்யா. அதைச் சொல்லு. அதை விட்டு இந்தப் பக்கமும் போகாதே, அந்தப் பக்கமும் போகாதே."

அரசு வழக்கறிஞரும் அதையே சொன்னார்.

"எவ்வளவு நல்ல வாக்கியம் சார் அது. அதுல யாரும் குறை சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் நிக்கும்."

அது நல்ல வாக்கியம் என்பது தில்லைநாயகத்துக்கும் தெரியும். வக்கீல் புத்தியில் செய்த வாக்கியம் அது.

மாளிகைக்குள் நுழையும்போது வேப்பமரத்தடியில் பிலோமினாவைப் பார்த்தார். பொன்னுத்தாயோடு தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் தன்னையறியாமல் கும்பிட்டார்.

பிலோமினா பார்த்தார். கையில் சட்னி இருந்தது. கும்பிடவில்லை.

*

மற்ற சாட்சிகள் எல்லோரும் நின்றுகொண்டுதான் பேசினார்கள். பொன்னுத்தாயும் நின்றுதான் பேசினாள்.

அமைச்சருக்கு நாற்காலி போட்டார்கள்.

பிலோமினா எழுந்தார்.

"உங்கள் தொழில்?"

உங்கள் என்று அவர் வாயால் கேட்பது தில்லைநாயகத்துக்கு அதுவே முதல் தடவை.

"அமைச்சர்."

"அது பதவி. தொழிலைக் கேட்டேன்."

"வழக்கறிஞர்."

"சம்பவத்தன்று மத்தியானம் எங்கே இருந்தீர்கள்?"

"இங்கேதான்."

"இங்கே என்றால்?"

"இந்த மாளிகையில். மாடி அறையில். ஒரு திறப்பு விழாவுக்கு வந்திருந்தேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. சுட்ட நேரத்தில் அமைச்சர் எதிரிலேயே இருந்தார் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்த அறை ஜன்னலில் இருந்து தாலுகா அலுவலகம் தெரியுமா?"

"தெரியும்."

"பார்த்தீர்களா?"

"இல்லை. திரை போட்டிருந்தது."

"யார் போட்டது?"

"வெயிலாக இருந்தது. நான்தான் இழுத்துவிட்டேன்."

"சத்தம் கேட்டதா?"

"கேட்டது."

"என்ன சத்தம்?"

"கூட்டத்தின் சத்தம்."

"என்ன கேட்டார்கள்?"

"யாராவது வந்து பதில் சொல்லுங்கள் என்று."

"யாராவது என்றா? பெயர் சொன்னார்களா?"

"என் பெயரையும் சொன்னார்கள்."

"மாடியில் இருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாலையைக் கடந்தால் போதும்."

"ஏன் கடக்கவில்லை?"

"பாதுகாப்பு இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள்."

"யாருக்குப் பாதுகாப்பு இல்லை?"

"எனக்கு."

"அவர்கள் உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள்தானே?"

"ஆமாம்."

"ஓட்டுக் கேட்டு வந்தபோது அந்தத் தெருவில் நடந்தா வந்தீர்கள், காரிலா?"

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "இது சம்பந்தமில்லாத கேள்வி." நீதிபதி தலையாட்டினார். பிலோமினா அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

"கலெக்டர் உங்களை அழைத்து என்ன கேட்டார்?"

"கூட்டம் கலைய மறுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

தில்லைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் அந்த வாக்கியம் தயாராக இருந்தது.

"சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்றேன்."

"இந்த வாக்கியத்தில் எழுவாய் எது?"

அரசு வழக்கறிஞர் சிரித்துவிட்டார். "ஐயா, இது தமிழ் வகுப்பு இல்லை."

நீதிபதியும் லேசாகச் சிரித்தார். "கேட்கட்டும். சின்னக் கேள்விதானே."

"எழுவாய் எது?" பிலோமினா மறுபடி கேட்டார்.

"சட்டம்."

"அதாவது, செய்வது யார்?"

"சட்டம்."

"சட்டம் எங்கே இருக்கிறது?"

"புத்தகத்தில்."

"அதற்குக் கண் உண்டா?"

"இல்லை."

"காது?"

"இல்லை."

"கை?"

கடைசி வரிசையில் பொன்னுத்தாய் தில்லைநாயகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கியின் விசையை இழுக்க ஒரு விரல் வேண்டும்," என்றார் பிலோமினா. குரலை உயர்த்தவில்லை. "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று நீங்கள் சொன்ன அந்த நேரத்தில், யாருடைய கை உங்கள் மனசில் தெரிந்தது?"

"ஆட்சேபணை," என்றார் அரசு வழக்கறிஞர். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "சாட்சி சொன்னதைக் கேட்கலாம், செய்ததைக் கேட்கலாம். மனசில் என்ன தெரிந்தது என்று எப்படிக் கேட்க முடியும்?"

நீதிபதி யோசித்தார். பேனாவை மூடினார்.

"கேள்வி அனுமதிக்கப்படவில்லை. சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை."

"எனக்கு வேறு கேள்வி இல்லை," என்று சொல்லிவிட்டு பிலோமினா உட்கார்ந்தார்.

முடிந்துவிட்டது. சட்டம் அவரை விட்டுவிட்டது. எழுந்து வெளியே போனால் கார் காத்திருக்கிறது. அரசு வழக்கறிஞர் கண்ணாலேயே வாருங்கள் என்றார்.

தில்லைநாயகம் எழுந்தார்.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்திலேயே நின்றார்.

"எந்தக் கையும் தெரியலை," என்றார்.

"ஐயா, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்," என்றார் நீதிபதி.

"தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

நீதிபதி தட்டச்சரைப் பார்த்தார். தட்டச்சர் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"கேள்வியே இல்லாதபோது பதில் கிடையாது. இது பதிவில் ஏறாது," என்றார் நீதிபதி. "அடுத்த சாட்சி."

*

மறுநாளே தலைவர் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. காப்பி வரவழைத்தார்.

"உனக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு."

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லைய்யா. சரியில்லை."

உடல்நலக் காரணங்களுக்காகப் பதவி விலகுவதாகத் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. தில்லைநாயகம் அதைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

பத்திரிகைகள் ஒரு நாள் எழுதின. விரைவில் குணமடைய வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் வாழ்த்தினார்கள். பயணியர் மாளிகையில் அவர் சொன்னது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலேயே இருந்தார். காலையில் மனு கொடுக்க வருகிறவர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினார்கள். வாசலில் நின்ற காவலரையும் ஒரு நாள் எடுத்துவிட்டார்கள்.

மழைக்காலக் கூட்டத் தொடரின் கடைசி நாளில் கமிஷன் அறிக்கையைச் சபையில் வைத்தார்கள். விவாதம் நடக்கவில்லை.

துப்பாக்கிச் சூட்டுக்கு யாரும் உத்தரவிட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்றது அறிக்கை. காவலர் அழகுபாண்டி பதற்றத்தில் தன்னிச்சையாகச் சுட்டிருக்கிறார் என்றது. அவர் மீது வழக்குத் தொடரப் பரிந்துரைத்தது.

அரசு அந்தப் பரிந்துரையை உடனே ஏற்றுக்கொண்டது. அழகுபாண்டி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கொலை வழக்கில் கைது செய்து சிறையில் அடைத்தார்கள்.

கண்மாயில் வேலிக்கம்பி அப்படியே இருந்தது.

*

தில்லைநாயகம் பிலோமினாவின் அலுவலகத்துக்கு வந்தார். டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"இப்பவாவது பேசலாமா மேடம்?"

"பேசலாம். கமிஷன் முடிஞ்சு போச்சு. உட்காரு."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பழைய படம் இல்லை. தில்லைநாயகம் அதைக் கவனித்தார். கேட்கவில்லை.

"அறிக்கையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். பொன்னுத்தாய்க்கும் படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"'அப்ப, யாரும் சொல்லாமலேவா அந்தப் பய சுட்டான்?'"

தில்லைநாயகம் ஜன்னல் பக்கம் பார்த்தார். நீதிமன்ற வளாகத்தில் ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கைதியின் பின்னால் ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடினாள்.

"அந்தப் பையன் தன்னிச்சையாச் சுடலை மேடம்."

"அப்படின்னு பதிவுல இல்லையே."

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

தில்லைநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன் மேடம். மறுபடி கவுன் போடப் போறேன். பார் கவுன்சில்ல எல்லாம் சரி பண்ணிட்டேன். அந்தப் பையனுக்காக நான் ஆஜராகிறேன். ஃபீஸ் வேண்டாம். இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை பண்றேன், தாசில்தாரைப் பண்றேன், கலெக்டரைக் கூண்டுல ஏத்துறேன். மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சவன் நிலை என்னன்னு தீர்ப்புகள் இருக்கு, எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். செஷன்ஸ்ல தோத்தா ஹைகோர்ட். அங்கேயும் தோத்தா மேலே. கடைசி வரைக்கும் நான் நிக்கிறேன் அவனுக்காக."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் பழைய முழக்கம் வந்திருந்தது. கைகள் மேசைமேல் அசைந்தன. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் அப்படித்தான் பேசுவார்.

பிலோமினா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"வக்கீல் அவனுக்குக் கிடைச்சிடுவான் தில்லை," என்றார். "சாட்சிதான் இல்லை."